பாட்டரியைக் கொன்றது யார்?

விடியற்காலை நாலரை மணி. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பால் கேன்களை மோட்டார் சைக்கிளின் இருபுறமும் மாட்டிவிட்டு ஒருவர் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துகிறார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். எரிந்துகொண்டிருந்த மீட்டர் விளக்கு மங்குகிறது. இஞ்சின் அசையவில்லை. வண்டியில் உதைத்துக் கிளப்பும் கிக்கரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எழுப்பித் தள்ளச் சொல்லி ஒருவழியாகக் கிளம்புகிறார். அதற்குள் பால் வண்டி போய்விட்டது. அன்றைய பாலும் கூலியும் போயிற்று.

“பாட்டரி செத்துப் போச்சு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் புதிது வாங்கிப் போடுகிறார். ஐந்து மாதம் கழித்து, மறுபடியும் அதே நாலரை மணி, அதே ‘டிக்’!

மாணவ நண்பர்களே, இந்தப் பால்காரர் நாம் கற்பனை செய்துகொண்டவர். ஆனால் இப்படிப்பட்டவர் ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். ஒழுங்காகப் பராமரித்தால் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கக்கூடிய பாட்டரி, ஐந்தே மாதத்தில் ஏன் சாக வேண்டும்? ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்பார்களே, அப்படி எங்கோ ஒளிந்திருக்கும் குற்றவாளிக்காகப் பாட்டரி தண்டனை பெறுகிறதா? வாருங்கள், துப்பறிவோம். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். நீங்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி போதும்.

பீங்கான் ஊர் கற்பிக்கும் பாடம்

விருத்தாசலம் என்றால் பழமலை என்று பொருள். மணிமுக்தாற்றின் கரையில் உள்ள பழமலைநாதர் கோயிலும், பெரிய ரயில்வே சந்திப்பும் அவ்வூரின் இரண்டு அடையாளங்கள். மூன்றாவது அடையாளம் பீங்கான். பீங்கான் பொருள்கள் செய்வதற்கென்றே அங்கு ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க அரசு நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. கோப்பை, அகல் விளக்கு, பொம்மை ஆகியவற்றோடு மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்களையும் செய்துவந்த ஊர் அது. பழைய வீடுகளின் சுவரில் வெள்ளையாக ஒரு பியூஸ் கட்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அந்த இனத்தைச் சேர்ந்த பொருள்கள்தாம்.

மின்சாரத்துக்கும் மண்ணுக்கும் என்ன உறவு? மின்சாரம் ஓடுவதற்குத் தாமிரக் கம்பி வேண்டும். அது கண்ட இடத்தில் ஓடாமலிருக்கப் பீங்கான் வேண்டும். உலோகத்தில் சில எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன, தள்ளினால் ஓடுகின்றன. பீங்கானிலோ எலெக்ட்ரான்கள் அந்தந்த அணுப் பிணைப்பில் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. எனவே மின்சாரம் அதன் வழியே போவதில்லை.

சாதாரண மண்பானையும் சுட்ட மண்தானே, அது போதாதா? போதாது. மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஈரமும் உப்பும் புகுந்த துளை, மின்சாரத்துக்குத் திறந்துவிட்ட வாசல். மின் பீங்கானில் வெண்களிமண்ணுடன் பெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் அரைத்துக் கலந்து, 1,200 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் சுடுகிறார்கள். பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியைப் போலாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. ஈரம் புக இடமில்லை.

இந்த ஊரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: மோட்டார் சைக்கிளின் மின்கோளாறுகள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவற்றை இரண்டே வகையில் அடக்கிவிடலாம்.

ஒன்று: போக வேண்டிய இடத்துக்கு மின்சாரம் போகவில்லை.

இரண்டு: போகக் கூடாத இடத்துக்கு மின்சாரம் போகிறது.

முதலாவது கடத்தியின் குற்றம். இரண்டாவது காப்பானின் குற்றம். இரண்டுமே கடைசியில் வந்து விழுவது பாட்டரியின் தலையில். அது எப்படி என்று அறியப் பாட்டரிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மோட்டார் சைக்கிள்களில் மிகுதியாகப் பயன்படுவது காரீய அமிலப் பாட்டரி. 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே இதைக் கண்டுபிடித்தார். 1881-இல் கமீல் ஃபோர் என்பவர் காரீயத் தகட்டில் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசி அதன் திறனைப் பெருக்கினார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

நீர்த்த கந்தக அமிலத்தில் இரண்டு தகடுகள். ஒன்றில் பஞ்சு போன்ற காரீயம். மற்றொன்றில் காரீய டை ஆக்சைடு. மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் அமிலத்துடன் வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி, தண்ணீர் உண்டாகிறது. சார்ஜ் செய்யும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. சல்பேட் கரைந்து, தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அமிலம் மீண்டும் அடர்த்தியாகிறது. முழுச் சார்ஜில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.26 முதல் 1.28 வரை இருக்கும். தீர்ந்துபோன பாட்டரியில் அது 1.12 அளவுக்கு இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால் 12.6 வோல்ட். ‘12 வோல்ட் பாட்டரி’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

சார்ஜ் எங்கிருந்து வருகிறது? இஞ்சின் சுழலும்போது அதனுடன் சேர்ந்து காந்தங்கள் சுழல்கின்றன. அவை கம்பிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகின்றன. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்த மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, அளவோடு பாட்டரிக்கு அனுப்புவது ரெக்டிஃபையர்–ரெகுலேட்டர் என்ற சிறு பெட்டி.

சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளின் முகப்பில், பல ஆண்டுகள் ஒரு சிறிய அம்மீட்டர் இருந்தது. பாட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, பாட்டரியிலிருந்து வெளியேறுகிறதா என்பதை அதன் முள் காட்டிவிடும். வரவு செலவுக் கணக்கை ஓட்டுநர் கண் முன்னேயே பார்த்துக்கொண்டு போகலாம். இன்றைய வண்டிகள் பலவற்றில் அந்த முள் இல்லை. கணக்கை நாம்தான் போட வேண்டும்.

ஆயுளைக் குறைக்கும் நான்கு பகைவர்கள்

முதல் பகைவன் பட்டினி. செலவழித்த மின்சாரம் திரும்பக் கிடைக்காவிட்டால் தகட்டில் சல்பேட் அப்படியே தங்கிவிடும். புதிதாக உண்டான சல்பேட் பொடிச் சர்க்கரையைப் போன்றது, சீக்கிரம் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அது கற்கண்டைப் போலப் பெரிய படிகமாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் எளிதில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாது. இதைத்தான் ‘சல்பேட் பிடித்தல்’ என்கிறோம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 5 வினாடிக்கு 60 ஆம்பியர் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். செலவு 60 × 5 = 300 கூலும். வண்டி மெதுவாக ஓடும்போது விளக்குச் செலவு போகப் பாட்டரிக்கு மிஞ்சுவது அரை ஆம்பியர் என்று கொள்வோம். 300 கூலும் திரும்பி வர 300 ÷ 0.5 = 600 வினாடி, அதாவது 10 நிமிடம் ஆகும். கடைத்தெருவுக்கு நான்கு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்தினால்? ஒவ்வொரு முறையும் பாட்டரிக்குக் கடன் ஏறுகிறது. மேலும், 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருக்கும். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பகைவன் அளவுக்கு மிஞ்சிய சார்ஜ். ரெகுலேட்டர் கெட்டு, 15 வோல்ட்டுக்கு மேல் பாட்டரிக்குள் போனால், அமிலத்திலுள்ள தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். தண்ணீர் குறையும், தகடு வெளியே தெரியும், காய்ந்து கெடும். பல்புகளும் அடிக்கடி பியூஸ் போகும். ‘பல்பும் நிற்கவில்லை, பாட்டரித் தண்ணீரும் நிற்கவில்லை’ என்று யாராவது சொன்னால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

மூன்றாம் பகைவன் வெப்பம். வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ இருமடங்காகிறது. பாட்டரிக்குள் தகடு அரிப்பும் அப்படித்தான். எனவே எப்போதும் 35 டிகிரியில் இருக்கும் பாட்டரி, 25 டிகிரியில் இருக்கும் பாட்டரியின் ஆயுளில் ஏறத்தாழ பாதியே வாழும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. சித்திரை வெயிலில் கடலூர் மாவட்டத்தின் உட்பகுதிகளில் நிழலிலேயே 40 டிகிரியை நெருங்கும் நாட்கள் உண்டு. வெயிலில் நிற்கும் வண்டியின் பாட்டரி என்ன பாடுபடும்! ஒரு புளியமரத்து நிழலுக்குப் பாட்டரியின் ஆயுளை நீட்டும் சக்தி உண்டு.

நான்காம் பகைவன் சும்மா நிற்பது. வண்டி நின்றிருந்தாலும் பாட்டரி தானாகவே மெல்ல இறங்கும். அதோடு திருட்டு அலாரம் போன்ற சாதனம் 20 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால்? பாட்டரியின் கொள்ளளவு 5 ஆம்பியர்–மணி என்றால், 5 ÷ 0.02 = 250 மணி. பத்தே நாளில் பாட்டரி காலி! ஊருக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்து வந்து பார்த்தால் வண்டி கிளம்பாததன் மர்மம் இதுதான்.

போக வேண்டிய இடத்துக்குப் போகாத மின்சாரம்

மோட்டார் சைக்கிளில் மின்சாரம் திரும்பி வரும் வழி பெரும்பாலும் தனிக் கம்பி அல்ல. வண்டியின் இரும்புச் சட்டமேதான். பாட்டரியின் எதிர்முனையைச் சட்டத்தோடு ஒரு திருகாணியால் இணைத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்பது அதைத்தான். அந்தத் திருகாணி துருப்பிடித்தால், தளர்ந்தால், அடியில் பெயின்ட் புகுந்தால் என்ன ஆகும்?

அந்த இடத்தில் வெறும் 0.05 ஓம் மின்தடை உண்டாயிற்று என்று கொள்வோம். ஓம் விதிப்படி மின்னழுத்த இழப்பு = மின்னோட்டம் × மின்தடை.

ஹாரன் 3 ஆம்பியர் எடுக்கிறது என்றால் இழப்பு 3 × 0.05 = 0.15 வோல்ட். யாருக்கும் தெரியாது. ஹாரன் கணீரென்று அடிக்கும்.

ஸ்டார்ட்டர் 50 ஆம்பியர் கேட்கிறது என்றால் இழப்பு 50 × 0.05 = 2.5 வோல்ட். ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. அது மட்டுமா? அந்தத் திருகாணியில் 50 × 2.5 = 125 வாட் வெப்பமாக வீணாகிறது.

ஹாரன் அடிப்பதால் பாட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்டார்ட்டர் சுழலாததால் பாட்டரி செத்துவிட்டது என்றும் முடிவு கட்டக் கூடாது. சிறு மின்னோட்டத்தில் ஒளிந்துகொள்ளும் குற்றவாளி, பெரு மின்னோட்டத்தில்தான் முகத்தைக் காட்டுவான். பாட்டரி முனையில் பூக்கும் வெள்ளை அல்லது பச்சைப் பூவும், மழையில் நனைந்து கறுத்துப்போன சாக்கெட்டும் இவனுடைய கூட்டாளிகள்.

போகக் கூடாத இடத்துக்குப் போகும் மின்சாரம்

இப்போது பீங்கான் மீண்டும் வருகிறது. வண்டியிலேயே மிகக் கடுமையான வேலை செய்யும் காப்பான் எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்பார்க் பிளக்கில். உலோகத்துக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான்.

பிளக்கின் இரு முனைகளுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் சிலிண்டரில் நசுக்கப்பட்ட காற்றுக்கும் பெட்ரோல் ஆவிக்கும் நடுவே பொறி தாவ 10,000 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படும். இத்தனை அழுத்தமும் பீங்கானைத் துளைத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். உள்ளேயோ நெருப்பு, வெளியே மழைத்தண்ணீர்.

பியூஸ் கட்டை செய்யும் அதே பீங்கானில் பிளக் செய்யலாமே என்று கேட்பீர்கள். தொடக்க காலத்தில் பீங்கானும் மைக்காவும்தான் பயன்பட்டன. ஆனால் ஒரு சிக்கல். உலோகம் சூடானால் அதன் மின்தடை கூடும். பீங்கான் சூடானால் மின்தடை குறையும்! காரணம், அதன் துளைகளை அடைத்த கண்ணாடிதான். கண்ணாடியில் உள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள் கடும் வெப்பத்தில் நகரத் தொடங்கி மின்சாரத்தைச் சுமக்கின்றன. வீட்டுச் சுவரில் அந்தச் சூடு இல்லை, இஞ்சினில் உண்டு. ஆகவே 1930-களில் கண்ணாடிப் பொருள் மிகக் குறைவான அலுமினாப் பீங்கானுக்கு மாறினார்கள். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினா, இன்றும் ஸ்பார்க் பிளக்கின் உயிர்நாடி.

பிளக்கின் வெள்ளைப் பகுதியில் வளையம் வளையமாக வரிகள் இருப்பதைக் கவனியுங்கள். அழகுக்காக அல்ல. மேற்பரப்பில் ஊர்ந்து போக நினைக்கும் மின்சாரத்தின் பாதையை அவை நீளமாக்குகின்றன. உயர் அழுத்த மின்கம்பத்தில் தொங்கும் பீங்கான் தட்டுகளிலும் இதே தந்திரம்தான்.

இவ்வளவு நல்ல பீங்கானையும் தோற்கடிக்க ஒரு படலம் கரி போதும். பிளக்கின் மூக்கில் கரி படிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே கசிந்துவிடும். மூக்கு ஏறத்தாழ 500 டிகிரிச் சூட்டில் இருந்தால் கரி தானாகவே எரிந்துவிடும். எப்போதும் குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. பிளக்கில் கரி, கிளப்புவதற்குப் பத்து முறை பொத்தான், ஒவ்வொரு முறையும் பாட்டரிக்கு 300 கூலும் செலவு! பீங்கானின் மேலிருந்த கரி, பாட்டரியின் ஆயுளைக் குடித்த கதை இது. முன்பு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தோம். இன்று பெட்ரோல் பம்பும் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் மின்சாரத்தை நம்பியிருக்கும் வண்டிகளில், பாட்டரி படுத்தால் வண்டியே படுத்துவிடும்.

இந்த வகையில் இன்னொரு கோளாறு, கம்பியின் மேலுறை தேய்ந்து சட்டத்தில் உரசுவது. அப்போது பியூஸ் உருகி நம்மைக் காக்கும். உருகிய பியூஸுக்குப் பதில் தடித்த தாமிரக் கம்பியையோ சிகரெட் தாளையோ வைப்பவர்கள் உண்டு. அது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பது. அடுத்து உருகப்போவது கம்பிக் கட்டு முழுவதும், வண்டியே தீப்பற்றலாம்.

மூன்று அளவுகள், ஒரு தீர்ப்பு

இனி பால்காரர் வண்டிக்கு வருவோம். ஒரு மல்டிமீட்டரை நேர்மின் அழுத்தம் அளக்கும் நிலையில், 20 வோல்ட் அளவில் வைத்துப் பாட்டரியின் இரு முனைகளிலும் தொட்டு மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் அளவு, ஓய்வில். வண்டி நின்று சில மணி நேரமான பிறகு 12.6 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலும் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 இருந்தால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. சார்ஜ் செய்தும் 10.5-லேயே நின்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று ஊகிக்கலாம். 5 × 2.1 = 10.5 அல்லவா?

இரண்டாம் அளவு, பொத்தானை அழுத்தும்போது. முழுச் சார்ஜில் உள்ள பாட்டரி 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அது தளர்ந்துவிட்டது. இறங்காமல் 12-ஐ ஒட்டி நிற்கிறது, ஸ்டார்ட்டரோ சுழலவில்லை என்றால் மின்சாரம் ஓடவே இல்லை. குற்றம் கம்பியிலோ ரிலேயிலோ எர்த்திலோ இருக்கிறது.

மூன்றாம் அளவு, இஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு. 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. ஓய்வு அளவிலிருந்து உயராவிட்டால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சி வருகிறது.

பால்காரர் வண்டியில் ஓய்வில் 12.1. இஞ்சின் ஓடும்போது 12.6 மட்டுமே. பாட்டரிக்குச் சார்ஜ் சரியாக வரவில்லை. அப்படியானால் ரெகுலேட்டர் கெட்டதா? அதன் வாயிலேயே அளந்தால் 14.3 காட்டுகிறது! 14.3-இல் 12.6 போக 1.7 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. கம்பியைத் தடவிக்கொண்டே போனால் ஒரு சாக்கெட் கையைச் சுடுகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு முள் கறுத்துத் தளர்ந்திருக்கிறது. குற்றவாளி பிடிபட்டான்!

முதல் பாட்டரியைப் பட்டினி போட்டுக் கொன்றதும் இவன்தான். இரண்டாவதைக் கொல்லத் தொடங்கியிருந்ததும் இவன்தான். சாக்கெட்டை மாற்றி, பாட்டரியை ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் செய்ததும் வண்டி ஒரே அழுத்தில் கிளம்புகிறது. சல்பேட் இன்னும் ‘கற்கண்டு’ ஆகவில்லை. மூன்றாவது பாட்டரி வாங்கியிருந்தால் அதற்கும் இதே கதிதான்.

செய்து பாருங்கள்

1. உடைந்த மண்பானை ஓடு ஒன்று, உடைந்த பீங்கான் கோப்பைத் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மை விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். எது மையைக் குடித்தது? எதை மின் காப்பானாக வைப்பீர்கள்?

2. இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, கம்பிகள் கொண்டு விளக்கெரியுங்கள். சுற்றின் நடுவே துருப்பிடித்த ஆணி ஒன்றைச் சேர்த்து, துருவின் மேலேயே கம்பியைத் தொடுங்கள். பிறகு ஆணியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடுங்கள். வெளிச்சத்தில் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை

பாட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஏராளமான தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். சார்ஜ் ஆகும் பாட்டரி அருகே நெருப்பு கூடாது, ஹைட்ரஜன் வெடிக்கும். திறந்து ஊற்றும் வகைப் பாட்டரியில் குறைவது தண்ணீர்தான். ஆகவே வடித்த நீர் மட்டும் ஊற்ற வேண்டும், அமிலம் ஊற்றக் கூடாது. மூடி வைத்த வகையைத் திறக்கவே கூடாது. இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்ட கணத்தில் பாட்டரியின் முழு மின்னோட்டமும் ஸ்பானர் வழியே பாயும்.

செத்த பாட்டரியைக் குப்பையில் எறியவோ, வீட்டில் உடைத்துக் காரீயம் உருக்கவோ வேண்டாம். காரீயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் நஞ்சு. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று 2001-இலும், பின்னர் 2022-இலும் மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, ஐந்து மாதத்தில் சாகவிருந்த பாட்டரியை நான்கு ஆண்டு வாழவைப்பது. ஒரு பாட்டரி நீண்ட நாள் வாழ்ந்தால், அத்தனை காரீயம் உருக்கு உலைக்குப் போவது தள்ளிப்போகிறது.

அடுத்த முறை வீட்டில் யாராவது “பாட்டரி செத்துப் போச்சு” என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். “மூன்று அளவு எடுத்துப் பார்ப்போமா?” என்று கேளுங்கள்.

விடை காணுங்கள்

1. எர்த் திருகாணியில் 0.02 ஓம் மின்தடை. ஸ்டார்ட்டர் எடுப்பது 60 ஆம்பியர். மின்னழுத்த இழப்பு எவ்வளவு? வீணாகும் திறன் எத்தனை வாட்?

2. 9 ஆம்பியர்–மணி பாட்டரியிலிருந்து 30 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கிறது. எத்தனை நாளில் பாட்டரி காலியாகும்?

3. ஓய்வில் 12.7, பொத்தானை அழுத்தும்போது 7.5, சார்ஜ் செய்யும்போது 14.2 வோல்ட். குற்றவாளி யார்?

(விடைகள்: 1. 1.2 வோல்ட், 72 வாட். 2. 300 மணி, அதாவது பன்னிரண்டரை நாள். 3. இந்த முறை குற்றவாளி பாட்டரியேதான்!)